மூன்று கருப்புக் கிடாக்களுக்கு வீடு

ஆவடியில் லாரியை விட்டு இறங்கியபோது என்னிடம் ஒரு துணிப்பையும், மூன்று கருப்புக் கிடாக்குட்டிகளும், ஊரிலிருந்தே கூட வந்த பயமும் இருந்திருக்க வேண்டும். பையை லாரியிலேயே விட்டுவிட்டேன் என்பது லாரி போன பிறகுதான் தெரிந்தது. மாற்று வேட்டி, பல்பொடி, அக்கா கட்டிக் கொடுத்த புளியோதரை எல்லாம் அதோடு போயின. குட்டிகளாவது இருக்கின்றனவா என்று திரும்பத் திரும்ப எண்ணினேன். மூன்றும் என் வேட்டி நுனியை மென்றுகொண்டு நின்றன.

எங்கள் ஊர் மதுரைக்கு வடக்கே, வாடிப்பட்டிப் பக்கம். நான் தாலுகா ஆபீசில் கிளார்க். ஆடு மேய்த்துப் பழக்கம் இல்லை. ஆடு வளர்ப்பது என் அக்கா. அவளிடம் இருப்பது கச்சைகட்டிக் கருப்பு என்கிற செம்மறி இனம். கொம்பிலிருந்து குளம்பு வரை கருப்பு. கிடாக்கள் முட்டுக்குப் பேர்போனவை. கலப்பில்லாமல் வைத்திருப்பவர்கள் எங்கள் சுற்றுவட்டாரத்தில் அக்காவைத் தவிர ஒன்றிரண்டு பேர் இருந்தால் அதிகம். அந்த வருடம் ஐப்பசி மழையோடு ஆடுகளுக்கு நோய் வந்தது. வாய் வீங்கி, நாக்கு நீலம் பாரித்து, கொத்துக் கொத்தாக விழுந்தன. அக்காவின் பெரிய கிடா போய்விட்டது. மற்றவர்களிடம் இருந்த கிடாக்களும் போய்விட்டதாகக் கேள்வி. பாதிப் பெட்டைகளும் இந்த மூன்று குட்டிகளும் மட்டும் தப்பின. இந்த மூன்றும் இல்லையென்றால் அடுத்த ஈற்றுக்கு வேறு இனத்துக் கிடாவைத்தான் சேர்க்க வேண்டும். அதோடு அந்த இனம் அக்காவின் பட்டியில் முடிந்தது.

நோய் ஒரு பயம். சாமி இன்னொரு பயம். ஒரு வெள்ளை மயிர்கூட இல்லாத கருப்புக் கிடா என்றால் எங்கள் பக்கத்துக் கருப்பசாமிகளுக்கும் முனியாண்டிகளுக்கும் ரொம்ப இஷ்டம். சாமி கேட்கிறது என்று ஒருவர் வாசலில் வந்து நின்றால் இல்லையென்று சொல்ல ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது. அக்கா வீட்டுக்காரருக்கோ ஆடு என்றாலே குழம்புதான் நினைவுக்கு வரும். அதனால் அக்கா என்னைக் கூப்பிட்டு, “மூணையும் மூணு வீட்டுல விட்டுட்டு வா. ஒண்ணுக்கு நோவு வந்தாலும் இன்னொண்ணு நிக்கும். நம்ம சாமி தெரியாத ஊராப் பாத்து விடு” என்றாள். வைகாசி வரை வளர்த்துத் தந்தால் போதும். வளர்த்தவர்களுக்கு அடுத்த ஈற்றில் ஒரு பெட்டைக்குட்டி தருவதாக ஏற்பாடு.

எங்கள் சாமி தெரியாத ஊர் என்று எனக்குத் தெரிந்தது ஆவடி ஒன்றுதான். என் மச்சினன் சேகர் அங்கே பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். மெட்ராஸ் என்று பேர் சொன்னாலும் அவனுடைய குவார்ட்டர்ஸ் எனக்கு வேறு ஒரு நாடுபோலத்தான் இருந்தது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள். ஒரு வாசலில் நெல்லைப் பேச்சு, அடுத்த வாசலில் சேலத்துப் பேச்சு, எதிர்வாசலில் தெலுங்கு. காலையில் சங்கு ஊதியதும் அத்தனை வாசல்களிலிருந்தும் சைக்கிள்கள் புறப்பட்டன. எங்கள் ஊரில் தீ விபத்துக்குக்கூட இத்தனை பேர் ஒன்றாக ஓடி நான் பார்த்ததில்லை.

சேகரின் மனைவி இட்லிக்கு வடகறி வைத்தாள். பழைய வடையை உதிர்த்துப் போட்டுக் குழம்பாக்கியது போலிருந்தது. எங்கள் ஊர்க் காரச் சட்னிக்கு ஏங்கிக்கொண்டே சாப்பிட்டாலும் இரண்டாம் முறை நானே கேட்டு வாங்கினேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மாடிப்படியில் பேச்சுக் குரல். போய்ப் பார்த்தால், படிக்கட்டுக் கம்பியில் கட்டியிருந்த குட்டிகளைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்று, ஒன்று எத்தனை கிலோ தேறும் என்று தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். நான் எச்சில் கையோடு குட்டிகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“பயப்படாதீங்க அத்தான், சும்மா பேசுறாங்க” என்றான் சேகர். “நல்ல ஆளுகளா மூணு பேரைப் பாத்து வச்சிருக்கேன்.”

முதல் ஆள் அவனுடைய ஃபோர்மேன் ரத்தினம். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். கீழ்த்தளத்து வீடு, பின்னால் வாழையும் அகத்தியும் நிற்கிற தோட்டம். நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு. அந்தத் திருநீற்றைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

“கத்தி மட்டும் படக்கூடாதுங்க” என்றேன்.

“நாங்க கறியே திங்கறதில்லீங்களே! எங்கூட்டுல முட்டைகூட வாங்க மாட்டோமுங்க. உங்க குட்டி எங்கூட்டுக் கொழந்தையாட்ட இருக்கும், போய் வாங்க” என்றார். அகத்திக் கீரையைத் தன் கையாலேயே ஒடித்து ஊட்டினார். இப்படி ஒரு மனுஷர் எங்கள் ஊரில் ஒருவர் இருந்திருந்தால் நான் லாரியில் உட்கார்ந்து முதுகொடிய வந்திருக்க மாட்டேன். மற்ற இரண்டும் எங்கே போகின்றன என்று கேட்டார். சேகர் சொன்னான். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் திருவேற்காடு. சேகருக்கு டூட்டி இருந்ததால் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் பஸ் ஏறினேன். ஆட்டை ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் தகராறு செய்வார், என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவரோ குட்டியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “வேண்டுதலா நைனா? உள்ள போய்க் குந்து” என்று சீட் காட்டினார். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் மஞ்சள் பையிலிருந்து குங்குமம் எடுத்துக் குட்டியின் நெற்றியில் அழுத்தி வைத்தார். அவருக்கு முன்னால் இருந்தவர் தன் தலையிலிருந்து ஒரு துண்டு கனகாம்பரத்தைக் கிள்ளி அதன் கழுத்தில் சுற்றினார். இறங்குவதற்குள் என் குட்டி சாமிக்கு நேர்ந்துவிட்ட குட்டியாக மாறியிருந்தது. எந்தக் கோலத்திலிருந்து தப்பிக்க இதை இவ்வளவு தூரம் கொண்டு வந்தேனோ, அந்தக் கோலத்திலேயே அது என் மடியில் உட்கார்ந்திருந்தது. தெருக்குழாயில் அதன் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

அங்கே ஆறுமுகம் என்கிற வெல்டர், சேகருடன் வேலை பார்ப்பவர், புதிதாகப் போட்ட மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். கூரை போட்டாகிவிட்டது, பூச்சு பாக்கி. சுற்றிலும் காலி மனைகள், இடுப்பளவு புல், மழைத் தண்ணீர் தேங்கிய குட்டைகள். வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தாள், சின்ன வயது. தரையில் சிமெண்ட் மூட்டைச் சாக்கை விரித்து, சுடச்சுடக் காப்பி கொடுத்தாள்.

“பெருசானா முட்டுமாண்ணே?” என்று கேட்டாள்.

“கிடான்னா முட்டத்தானேம்மா செய்யும்” என்றேன். அந்த இடத்தில் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கிடா எதற்காக வளர்கிறது என்கிற வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. முன்பின் தெரியாத வீட்டில், தனியாக இருக்கிற ஒரு பெண்பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? “கத்தி மட்டும் படக்கூடாதும்மா” என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தேன்.

மூன்றாவது பூந்தமல்லி. இதுதான் எனக்கு அதிகக் கலக்கம் தந்த வீடு. பாடியில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிற ஜோசப்பும் அவர் மனைவி பிலோமினாவும். நல்ல பெரிய காம்பவுண்ட், நடுவில் ஒரு முருங்கை. ஆனால் வந்துகொண்டிருந்தது கிறிஸ்துமஸ். வாசலில் நட்சத்திரம் தொங்கியது. முற்றத்தில் மூங்கிலும் வைக்கோலும் போட்டுக் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்பங்கரையிலிருந்து அச்சு முறுக்கு வாசனை. இந்த வாசனைக்கு அடுத்து இருபத்தைந்தாம் தேதி பிரியாணி வாசனைதான் வரும் என்று என் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

“ஐய, இன்னா கறுப்பு! குடிலாண்ட கட்டுனா எப்டி இருக்கும் பாரேன்” என்றார் பிலோமினா. உயரமான பெண், கனத்த குரல். தெருவையே அதட்டக்கூடிய குரல். “எதுக்குண்ணே இத்த அவ்ளோ தொலைவுலேந்து தூக்கினு வந்தீங்க?”

“எங்க அக்காவுக்கு அது மேல உசிருங்க. கத்தி மட்டும் படக்கூடாது.”

“கிறிஸ்மஸுக்கு அறுத்துருவோம்னு பயந்துகினீங்களா?” என்று ஜோசப் சிரித்தார். “கவலப்படாத அண்ணாத்தே. நாங்க கோழிதான் போடுவோம்.”

சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களை நம்புவது எனக்குக் கஷ்டம். தட்டு நிறைய அச்சு முறுக்கு கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எண்ணிக்கொண்டு தின்றேனே தவிர ருசித்துத் தின்னவில்லை. திரும்பும்போது தெரு வளைவு வரை நடந்துவிட்டு மறுபடி வந்து, கயிறு கழுத்தை இறுக்குகிறதா பார்க்கிற சாக்கில் குட்டியை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனேன்.

நான்காம் நாள் ஊருக்குப் புறப்பட வேண்டும். ரத்தினம் ஐயாவிடம் சொல்லிக்கொண்டு போவதுதான் மரியாதை என்று, காலையில் குளித்துவிட்டு, சேகரின் வேட்டியைக் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு அன்று லீவு. தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனார். குட்டி வாழையடியில் பின்னங்கால்களை அகட்டிக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்தும் வரவில்லை.

“என்னங்க இது, சொணங்கி நிக்குது?”

“இன்னிக்கு ஒரு நாள் அப்படித்தானுங்க இருக்கும்” என்றார் அவர், முகமெல்லாம் மலர்ச்சியாக. “விடியக்காலையிலயே மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரை வரச்சொல்லிக் காயடிச்சுப் போட்டேனுங்க. அப்படியே உட்டா நாத்தம் வரும், கயித்தை அத்துக்கும், கொழந்தைகளை முட்டும். இனிமே பாருங்க, பசுவாட்டம் சாதுவா இருக்கும். எங்கூர்ல வளர்ப்புக் கெடாவுக்கெல்லாம் இந்த வயசுலயே பண்ணிப்போடுவோமுங்க.”

“கத்தி படக்கூடாதுன்னு சொன்னேனே” என்றேன். எனக்கே கேட்காத குரல்.

“கத்தி எங்கீங்க பட்டுது? கிடுக்கி வெச்சு நசுக்கறதுதானுங்க. ஒரு பொட்டு ரத்தம் வரலீங்க.”

எங்கள் ஊரில் இந்த இனத்துக் கிடாவுக்கு இதைச் செய்யவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது. முட்டுக்கு வளர்க்கிற கிடாவை எவனாவது சாதுவாக்குவானா? அதனால் அக்காவும் சொல்லி அனுப்பவில்லை. நானும் கத்தியைப் பற்றியே பயந்து பயந்து, கத்தி இல்லாமல் வருகிற ஆபத்தை மறந்துபோனேன். ரத்தினம் ஐயா என் முகத்தைக் கவனிக்கவில்லை. அடுத்ததாகச் சொன்னார்: “ஒண்ணுக்குப் பண்ணிட்டு மத்ததை உட்டா நல்லாருக்காதுங்களே. அதான் கம்பவுண்டரைத் திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் போகச் சொல்லி அனுப்பிச்சிருக்கேனுங்க. நீங்க ஒண்ணும் தர வேண்டாம், என்னோட உபகாரமா இருக்கட்டும்.”

செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

திருவேற்காட்டுக்கு பஸ் கிடைத்தது, ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் குடித்தனம் நடத்திவிட்டுத்தான் புறப்பட்டது. ஜன்னல் வழியாக ஒவ்வொரு சைக்கிள்காரரையும் பார்த்துக்கொண்டே போனேன். கம்பவுண்டர் எப்படி இருப்பார் என்றுகூட எனக்குத் தெரியாது. பை வைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்த அத்தனை பேரும் எனக்குக் கம்பவுண்டராகத்தான் தெரிந்தார்கள்.

ஆறுமுகத்தின் மனைவி மணல் குவியல் பக்கத்தில் நின்று செங்கலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கேட்பதற்கு முன்னாலேயே, “வந்துட்டுப் போயிட்டாருண்ணே. நீங்க அனுப்புனதா ஃபோர்மேன் சொன்னாராமே. நான் பாக்கல, உள்ள போயிட்டேன்” என்று தலையைக் குனிந்துகொண்டாள். குட்டி சாக்கின் மேல் படுத்திருந்தது. அதன் வாயருகே யாரோ வெல்லத் துண்டு வைத்திருந்தார்கள். அது தொடவில்லை. நான் அதன் தலையைத் தடவினேன். பிறகு அந்தப் பெண்ணைத் திட்டிவிடுவேனோ என்று பயந்து எழுந்து வந்துவிட்டேன். அவள் என்ன தப்புச் செய்தாள்?

கோயிலருகே ஓர் ஆட்டோ. “பூந்தமல்லி, சீக்கிரம்” என்றேன்.

“ஏறு நைனா. இன்னா, யாருக்கனா சீரியஸா?”

“ஆமா.”

“எந்த ஆஸ்பத்திரி?”

“ஆஸ்பத்திரி இல்ல. ஆட்டுக்குட்டி.”

அவர் திரும்பி என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். வெறுங்காலையும் பார்த்தார். ஆனாலும் வண்டியை எடுத்தார். நல்ல மனுஷர். குட்டைகளைச் சுற்றாமல் உள்ளேயே விட்டார், அதுதான் வினையாயிற்று. ஒரு பள்ளத்தில் வண்டி திக்கித் திணறி நின்றது. “பிளக்ல தண்ணி பூந்துகிச்சு. தோ, தொட்சிட்டு எடுக்கறேன், குந்து” என்றார். நான் உட்காரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். எங்கள் கருப்பசாமியைக் கூப்பிட மட்டும் வெட்கமாக இருந்தது. அவரிடமிருந்துதானே இவற்றை ஒளித்து வைக்க வந்தேன். கடைசியில் அவரையும் கூப்பிட்டேன். வண்டி கிளம்பியது.

பூந்தமல்லியில் அந்தத் தெரு முனையில் இறங்கி ஓடினேன். கேட் திறந்திருந்தது. முருங்கையில் ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது. குடிலுக்குப் பக்கத்தில் ஜோசப் முக்காலியில் உட்கார்ந்து, குட்டியை மல்லாத்தி மடியில் போட்டு, நான்கு கால்களையும் சேர்த்துப் பிடித்திருந்தார். எதிரே காக்கி அரைக்கால்சட்டை போட்ட ஒருவர், கையில் இரும்புக் கிடுக்கியோடு, குந்தி உட்கார்ந்துகொண்டிருந்தார்.

“வேணாம்! நிறுத்துங்க!”

கம்பவுண்டர் நிமிர்ந்து பார்த்தார். “வலிக்காது சார். ஒரு நொடி வேலை.”

“வேணாங்க. அது... வேணாம்.”

பிலோமினா கையில் கரண்டியோடு வெளியே வந்தார். “இன்னாண்ணே? நீங்கதான் அனுப்புனீங்கன்னு சொல்லிகினு வந்தாரு. வாணாமா? ஏன்?”

“அது... அதுக்கு வேற காரணம் இருக்கும்மா.”

“இன்னா காரணம்?”

மதில் மேல் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தியின் தலை தெரிந்தது. இந்தப் பக்கம் பிலோமினாவின் கரண்டி. கிடுக்கி இன்னும் அந்த மனிதரின் கையிலேயே இருந்தது. ஜோசப்பின் மடியில் கிடந்து குட்டி என்னைப் பார்த்துக் கத்தியது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“அவன் அப்பனாகணும்மா!” என்று கத்திவிட்டேன். “ஊர்ல பெட்டை ஆடெல்லாம் இவனுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கு. வேற கிடா இல்ல. இவனும் போயிட்டா அந்த ஜாதியே போச்சு!”

மதிலுக்கு மேலிருந்த தலை வாயைப் பொத்திக்கொண்டது. முதலில் பிலோமினாதான் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அடக் கடவுளே! இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னாண்ணே? யோவ், உடுய்யா அவன! கல்யாண மாப்பளைய மல்லாத்திப் போட்டுகினு கீறே!” என்று புருஷனை அதட்டினார். கம்பவுண்டர் கிடுக்கியைப் பைக்குள் போட்டார். அவருக்கு ஒரு கை அச்சு முறுக்கு கொடுத்து அனுப்பினார்கள்.

பிறகு பிலோமினா, “மத்த ரெண்டும்?” என்று கேட்டார்.

“ரெண்டுக்கும் பண்ணியாச்சும்மா” என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்தார். குட்டியின் கயிற்றை என் கையில் வைத்தார். “அப்டீன்னா இத்த நீங்களே கூட்டினு போயிடுங்கண்ணே. எங்க ஊட்டுக்கு நல்லவங்க நெறைய பேரு வந்து போவாங்க. எவன் இன்னா நல்லது பண்ணுவான்னு தெரியாது.”

ஊரில் நோயும் கருப்பசாமியும் காத்திருப்பதைச் சொன்னேன். “இங்கேயே இருக்கட்டும்மா. இப்ப உங்களுக்கு விஷயம் தெரியும்ல” என்று கயிற்றைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்த பிறகும் நான் கயிற்றின் நுனியை விடாததை அவர் பார்த்தார். உடனே மதில் பக்கம் திரும்பி, தெருக்கோடி வரை கேட்கும்படி, இந்தக் கிடா எதற்காக இந்த வீட்டில் வளர்கிறது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு விளக்கினார். நான் வாழ்நாளில் பொதுவில் சொல்லத் துணியாத வார்த்தைகள் எல்லாவற்றையும் சொன்னார். எனக்குக் காது கூசியது. ஆனால் நான்கு நாட்களில் முதல் முறையாக நெஞ்சும் லேசாகியது.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசனை. கூடப்பிறந்தவளிடம் அதைப் பேசுவதா? நோவில் போய்விட்டது என்று சொல்லிவிடலாமா? வீட்டை அடைந்தபோது அக்கா பட்டியில் பெட்டைகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் இருந்தார்.

“மூணும் நல்லா இருக்கா?” என்றாள்.

“ஒண்ணு நல்லா இருக்கு.”

“மத்தது?”

“மத்தது... உசிரோடதான் இருக்கு.”

அக்கா தழைக்கட்டைக் கீழே வைத்தாள். “காயடிச்சிட்டானுகளா?” என்று கேட்டாள். கத்தரிக்காய் என்ன விலை என்று சந்தையில் கேட்கிற குரலில், புருஷனுக்கும் எனக்கும் எதிரில், பச்சையாகக் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“பெட்டைக்கு விடற கிடா, தொடாதீங்கன்னு நீ சொல்லலையா?”

“பொம்பளைங்க இருந்தாங்க அக்கா.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி தழைக்கட்டைத் தூக்கினாள்.

“ஒண்ணு போதும்” என்றாள். “வைகாசியில நீ போக வேணாம். நானே போய்க் கூட்டியாறேன்.”